கூரை யாருடையதோ வெயில் அவருடையது

வெயில் எல்லோருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீரும் பொது என்றுதான் சொன்னார்கள். தண்ணீரின் கதை நமக்குத் தெரியும். ஊர்க் கிணறு, சேரிக் கிணறு, டீக்கடையில் தனிக் குவளை என்று அந்தப் 'பொது' எப்படிக் கூறுபோடப்பட்டது என்பதை எழுதியிருக்கிறோம், அடி வாங்கியிருக்கிறோம், வழக்கும் நடத்தியிருக்கிறோம். இப்போது வெயிலின் முறை வந்திருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மொட்டை மாடிகளில் கறுப்புப் பலகைகள் சாய்ந்து படுத்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, சுவரில், ஏ.சி.யின் வெளிப்பெட்டிகள் தொங்குகின்றன. பகலில் பலகை தருகிற மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிச்சம் அரசாங்கக் கம்பிக்குப் போகிறது. ராத்திரியில் அந்த வரவைக் கழித்துக்கொண்டு ஏ.சி. ஓடுகிறது. பில் குறைகிறது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் பெரும்பாக்கம் வரும். எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும். 20,000 வீடுகளுக்கு மேல். கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து குவிக்கப்பட்ட சனம். பெரும்பான்மை தலித் சனம். அந்தக் கட்டடங்களின் தலையிலும் இதே வெயில்தான் அடிக்கிறது. அந்த வெயில் யாருடைய கணக்கில் வரவு?

'சாதி ஒழிப்பு பேச வேண்டிய பத்திரிகையில் சோலாரு, ஏ.சி.ன்னு என்னத்தை எழுதறீங்க தோழர்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நிலம் பற்றிப் பேசுகிறோம், ஏனென்றால் அது சொத்து. கூரையின் மேல் விழுகிற வெயிலும் இன்று சொத்தாகிவிட்டது. அதற்கு அரசாங்கம் மானியம் தருகிறது, வங்கி கடன் தருகிறது, மின்வாரியம் மீட்டர் வைத்து அளக்கிறது. ஒரு பொருள் சொத்தாக மாறும் காலத்திலேயே அதில் பங்கு கேட்டுவிட வேண்டும். மாறி முடிந்த பிறகு கேட்டால் என்ன நடக்கும் என்பதை நம்முடைய நில வரலாறு சொல்லும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் 'சூர்ய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா' என்று இந்தியில் பேர் வைத்து ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. சூரிய வீடு, இலவச மின்சாரம் என்று அர்த்தம். ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக ஒரு வீட்டுக்கு உச்சபட்ச மானியம் 78,000 ரூபாய். மீதிப் பணத்துக்குப் பொதுத்துறை வங்கிகள் பிணை கேட்காமல் இரண்டு லட்சம் வரை கடன் தருகின்றன. விதியில் எங்கேயும் சாதி இல்லை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கேட்பது இரண்டே இரண்டுதான்: உன் பேரில் மின் இணைப்பு இருக்கிறதா? உனக்கென்று கூரை இருக்கிறதா?

நான் புறநகர்க் கிளை ஒன்றில் வங்கி எழுத்தன். இந்தக் கடனுக்காக வருகிறவர்களின் காகிதங்களை வாங்கிச் சரிபார்ப்பது என் மேசையில்தான். சொத்து வரி ரசீது, பத்திரத்தின் நகல், மின் அட்டை எல்லாம் ஒரே பேரில், ஒரே எழுத்துக்கூட்டலில் பிளாஸ்டிக் உறையில் வரும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்குப் பத்தே நாளில் வேலை முடியும். இன்னொரு வகை உண்டு. மின் இணைப்பு செத்துப்போன அப்பா பேரில். வாரிசுச் சான்று இல்லை. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பாகம் பிரிக்காத ஒரே கூரை. அல்லது பட்டாவே இல்லாத ஏரிக்கரைப் புறம்போக்கு. முப்பது வருஷமாக அங்கேயே குடியிருப்பு, ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு, கரண்ட் பில் கட்டிய ரசீது உண்டு. கூரைக்கு மட்டும் காகிதம் இல்லை. அப்படி வந்த ஓர் அக்கா, இட்லிக் கடை வைத்திருப்பவர், கவுன்டரில் கேட்டார்: 'எங்க வூட்டு மேல அடிக்கிற வெயிலு எங்களுதுதானே சார்? அதுக்குமா பட்டா கேக்குறாங்க?'

அந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கிடையாது. பட்டா யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைச் சாதியை விட்டுவிட்டு விளக்க யாராலாவது முடியுமா? படிவம் சாதியைக் கேட்காது. கூரையைக் கேட்கும். கூரை நிலத்தைக் கேட்கும். நிலம் சாதியைக் கேட்டுத்தான் பல தலைமுறைக்கு முன்பே பங்கு பிரிந்திருக்கிறது.

இனி, மிச்ச மின்சாரத்தின் கணக்கு. ஒரு கிலோவாட் பலகைக்கு நிழல் விழாத இடம் நூறு சதுர அடி வேண்டும். நம் ஊர் வெயிலில் அது ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். மூன்று கிலோவாட் வைத்தவருக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட வீட்டில் ஃபிரிட்ஜைத் தவிர என்ன ஓடும்? ஆகவே முக்கால்வாசி கம்பிக்குப் போகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2021 விதிகளின்படி 'நெட் மீட்டரிங்' உண்டு. இருவழி மீட்டர் வைத்து, கொடுத்ததை எடுத்ததிலிருந்து கழித்து, மீதிக்குத்தான் பில். ஆண்டுக் கணக்கு முடியும்போதும் எடுக்காமல் விட்ட மிச்சத்துக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது.

இந்தக் கழித்தல் கணக்கில் யாருக்கு எவ்வளவு லாபம் என்று பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இலவசம். மேலே ஏற ஏற விலை ஏறும். 1,000 யூனிட்டைத் தாண்டி எரிக்கிற வீட்டுக்குக் கடைசி யூனிட்டின் விலை 11 ரூபாய்க்கு மேல். பலகை தருகிற யூனிட் கழிவது மேல்படியிலிருந்துதான். நாலு ஏ.சி. வைத்த பங்களாவுக்கு ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய், 10 ரூபாய் என்று மிச்சம். இரண்டு ட்யூப்லைட், ஒரு ஃபேன் வைத்து 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்கிற வீட்டில் அதே பலகையை வைத்தால் பில்லில் மிச்சமாவது பூஜ்யம். அதிகம் எரிப்பவனுக்கு அதிக லாபம் என்று ஏற்பாடு. அந்தப் பங்களாவின் பில் குறைந்தாலும் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் இவற்றின் செலவு குறைவதில்லை. அதை யாராவது கட்டத்தானே வேண்டும்? பலகை இல்லாதவர்களின் கட்டணத்தில் அது நாளைக்கு ஏறும். அல்லது அரசாங்கம் ஈடுகட்டும். அரசாங்கப் பணம் என்றால் தீப்பெட்டியிலிருந்து செருப்பு வரைக்கும் வரி கட்டுகிற எல்லோருடைய பணம்.

வாடகை வீட்டுக்காரனின் கதை இன்னும் விசேஷம். 'நீங்க என்ன ஆளுங்க?', 'நான்வெஜ் சமைப்பீங்களா?' என்ற இரண்டு கேள்விகளையும் தாண்டித்தான் நமக்கு இந்தப் பகுதியில் வீடு கிடைக்கிறது. கிடைத்த பிறகு கரண்டுக்குத் தனியாக ஒரு சின்ன மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை. 100 யூனிட் இலவசமெல்லாம் குடித்தனக்காரனுக்குக் கிடையாது. நான் குடியிருக்கிற வீட்டின் மாடியில் சென்ற வருஷம் பலகை வந்தது. மானியமும் வந்தது. என் சின்ன மீட்டரின் விலை மட்டும் பத்து பைசாகூட இறங்கவில்லை. அதுவரை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது 'பேனல் மேல நெழல் வுழும், மேல வராதீங்க' என்று பூட்டு. வெயிலில் துணி காயப்போடுகிற உரிமையும் போயிற்று. இது என் ஒருவன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு இருக்கிற மாணவர்கள், நர்சுகள், கம்பெனித் தொழிலாளிகள் யாரை வேண்டுமானாலும் அவர்கள் யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஏ.சி. இதைப் பலர் குளிர் தயாரிக்கிற மிஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குளிரைத் தயாரிப்பதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றுகிற மோட்டார் மாதிரி, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தை ஏற்றுகிற மோட்டார். 'ஹீட் பம்ப்' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். குளிர் நாடுகளில் அதே பம்ப்பைத் திருப்பி வைத்து, வெளியே இருக்கிற கொஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். நாம் உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறோம். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அதற்குச் செலவாகிற மின்சாரம் ஒன்றரை கிலோவாட் அளவு. அந்த ஒன்றரையும் கடைசியில் வெப்பமாகித்தான் போகும். இரண்டும் சேர்ந்து ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வெளிப்பெட்டி வழியாகத் தெருவுக்கு வரும். ஆறு இஸ்திரிப் பெட்டிகளை முழுச்சூட்டில் வைத்து அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தது மாதிரி. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தைப் பற்றி 2014இல் வந்த ஓர் ஆய்வு, ஏ.சி.கள் தள்ளுகிற வெப்பத்தால் மட்டுமே இரவுநேர வெப்பம் சில இடங்களில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறுகிறது என்று கணக்கிட்டது. சென்னையில் 2003 மே 31இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு படுத்திருப்பவளுக்கு ஒரு டிகிரி என்றால் என்னவென்று தெரியும்.

உள்ளே சுத்தமாக இருக்க வேண்டுமானால் அசுத்தத்தை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு ஒரு 'வெளி' வேண்டும். அந்த வெளியில் ஆட்கள் வாழ்ந்தாலும் அவர்கள் கணக்கில் வரக்கூடாது. இந்த ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் என்ன பேர் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்ததே தோல் கம்பெனிதான். தோலின் பளபளப்பு கப்பலேறிப் போயிற்று. நாற்றமும் சாயத் தண்ணீரும் நாகல்கேணிப் பக்கத்துக் குடியிருப்புகளோடு தங்கிவிட்டன. ஏ.சி. வைத்திருப்பவர் எல்லாம் சாதி வெறியர் என்று நான் சொல்லவில்லை. என் வங்கியிலும் ஏ.சி. ஓடுகிறது. மனிதர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. ஒரு மிஷினை எங்கே வைக்கிறோம், அதன் சூடு யார் மேல் விழுகிறது என்பதைச் சட்டமும் கேட்பதில்லை, கட்டட வரைபடமும் காட்டுவதில்லை என்கிறேன்.

சோலார் இருப்பதால் ஏ.சி. 'சுத்தமாக' ஓடுகிறது என்பதும் பாதி உண்மைதான். பலகை பகலில் தரும். வீடுகளில் ஏ.சி. ஓடுவது பெரும்பாலும் இரவில். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் இறங்கிய பிறகும் அந்தத் தேவை அப்படியே இறங்கிவிடாது. பகல் 12 மணிக்கு சேலையூர் மாடியிலிருந்து கம்பிக்குப் போன ஒரு யூனிட்டுக்குப் பதிலாக ராத்திரி 11 மணிக்குத் திரும்பி வருகிற ஒரு யூனிட்டில் நிலக்கரியும் கலந்திருக்கிறது. மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பலில் மீன்பிடிக்கிற எண்ணூர் மக்களுக்கு இரண்டும் ஒன்று இல்லை.

நமக்கும் சோலார் கொடுத்தார்களே என்று ஒருவர் கேட்கலாம். கொடுத்தார்கள். 2011இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் கிராமத்து ஏழைகளுக்கானது. வருஷத்துக்கு 60,000 வீடுகள். வீட்டின் பரப்பு 300 சதுர அடி. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம், அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குகளுக்கு. ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். இருட்டில் இருந்த வீட்டுக்கு விளக்கு வந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த விளக்கில் படித்து மேலே வந்த பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பசுமை வீட்டின் சோலாருக்கு பேட்டரி உண்டு, கம்பியோடு உறவு கிடையாது. பேட்டரியின் ஆயுசு நாலைந்து வருஷம். அதற்கப்புறம் புது பேட்டரி யார் வாங்குவது? மிச்சம் என்ற பேச்சே அதில் இல்லை. ஏழைக்கு வெயில் என்றால் ஐந்து விளக்கு; வசதியுள்ளவருக்கு வெயில் என்றால் வாரியத்தோடு வரவு செலவுக் கணக்கு. முழு மானியம் வாங்க வேண்டுமானால் நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும் என்றேனே, பசுமை வீட்டின் மொத்தக் கூரையே அவ்வளவுதான்.

இப்போது நில வரலாறு. நாம் நிற்கிற இந்த மண், பழைய செங்கல்பட்டு ஜில்லா. இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூடத் தன்னுடையது இல்லை. எதிர்த்துப் பேசினால் வெளியேற்றப்படுவோம் என்ற பயத்தில் வாழ்கிறார்கள் என்பது அதன் சாரம். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. மற்றவர்க்கு விற்கக்கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அப்புறம் எங்கே போயிற்று அந்த நிலம்? 1994இல் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்கு, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களின் உயிர் போயிற்று. ஒரு சொத்து கைமாறிப் போன பின்பு திரும்பக் கேட்டால் அதன் விலை என்ன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், கூரையின் வெயில் கைமாறுகிற இந்தக் காலத்திலேயே பேசிவிட வேண்டும்.

என்ன பேசுவது? அண்ணலிடமிருந்தே தொடங்கலாம். அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள், 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் நீர்ப்பாசனத்தையும் அவர் கவனித்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் இந்தியா தொழில்மயமாகாது; தொழில்மயமாகாமல் இந்த மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீள முடியாது என்பது 1943இல் மின்சாரக் கொள்கைக் குழுவின் முன்னால் அவர் வைத்த வாதம். மின்சாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியையும் அங்கேயே எழுப்பினார். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அவர் கேட்டது இன்னும் தெளிவு: விவசாய நிலம் அரசுடைமை; அதைத் துண்டு துண்டாக யாருக்கும் எழுதிவைக்காமல், சாதி வித்தியாசம் பார்க்காமல், கிராமத்து மக்கள் கூட்டாகப் பயிரிட வேண்டும். அந்தக் கூட்டுப் பண்ணை மண்ணில் நடக்கவில்லை. நடக்கவிடவில்லை. கூரையில் ஏன் நடக்கக்கூடாது?

பெரும்பாக்கத்தின் கூரைகள் தனியார் கூரைகள் இல்லை. குடிசை மாற்று வாரியம் என்ற பேரில் இருந்து 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியிருக்கிற அரசு அமைப்பு கட்டிய கட்டடங்கள் அவை. பட்டா, பாகப்பிரிவினை என்கிற தடை அங்கே குறுக்கே வராது. ஒரு வீடு ஏறக்குறைய 400 சதுர அடி. எட்டு மாடி என்பதால் ஒரு வீட்டின் பங்குக்கு வருகிற கூரை 50 சதுர அடி. தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, நிழல் எல்லாம் போகப் பாதி என்று வைத்தாலும் 25 சதுர அடி தேறும். அதில் கால் கிலோவாட். ஒரு நாளைக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 'ப்பூ, இவ்ளோதானா?' என்று நினைக்காதீர்கள். இலவச 100 யூனிட்டோடு இந்த 60ஐச் சேர்த்தால், சாதாரண ஃபேன், விளக்கு, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்குப் பில் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். 20,000 வீட்டுக்கு 5 மெகாவாட். கிலோவாட்டுக்கு 55,000 ரூபாய் என்று போட்டால் 27.5 கோடி ரூபாய். ஒரு வீட்டுக்குப் பதினாலாயிரத்துக்கும் குறைவு. பங்களாவுக்கு 78,000 மானியம் கொடுக்கிற நாட்டில் இது பெரிய தொகையா?

எட்டாவது மாடிக் கூரையில் விளைகிற மின்சாரத்தை முதல் மாடி வீட்டுக்கு எப்படிப் பிரிப்பது? புதிய கம்பி எதுவும் இழுக்க வேண்டாம். மொத்தத்தையும் வாரியக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டு மீட்டருக்கும் அதன் பங்கைக் கணக்கில் வரவு வைத்தால் போதும். 'விர்ச்சுவல் நெட் மீட்டரிங்' என்று இதற்குப் பேர். டில்லியில் 2019லேயே இதற்கு நெறிமுறைகள் வந்துவிட்டன. சூர்ய கர் திட்டத்தின் நெறிமுறைகளும் இதை ஏற்கின்றன. குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. எந்தச் சங்கம் அதை வாங்குகிறது? கேட் போட்ட அடுக்குமாடிகளின் சங்கம்தான். வாரியக் குடியிருப்புகளின் சங்கங்களும் அதே வார்த்தையின் கீழ்தான் வருகின்றன என்று வற்புறுத்த வேண்டியது நம் வேலை.

மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கும் அங்கே நல்ல பதில் இருக்கிறது. பேட்டரி விலை அதிகம். ஆனால் எட்டு மாடிக் கட்டடத்தின் தலையில் ஏற்கெனவே ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கிறது: தண்ணீர்த் தொட்டி. மோட்டாரை அதிகாலையிலும் சாயங்காலமும் ஓட்டாமல் வெயில் உச்சியில் ஓட்டினால், வெயில் தண்ணீராக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறைக்கு ஏ.சி. போட்டு பகல் 11 முதல் 4 வரை திறந்துவிடலாம். கர்ப்பிணிகள், முதியவர்கள், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து இருக்கட்டும். உணவு டெலிவரித் தொழிலாளர்களுக்கு 2025இல் சென்னை மாநகராட்சியே ஏ.சி. ஓய்வறை திறந்ததே, அது முன்னுதாரணம். நூறு வீடுகளுக்கு நூறு ஹீட் பம்ப் வைத்து ஒருவர் சூட்டை இன்னொருவர் மேல் தள்ளுவதைவிட, ஒரு பம்ப் வைத்து அதன் வெளிப்பெட்டியை மனித வாடை இல்லாத மாடியில் வைப்பது புத்திசாலித்தனம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பியோடு இணைந்த சாதாரணச் சோலார், கம்பியில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது, சரியான ஏற்பாடு. ஆகவே 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம், பெரும்பாக்கம் பகுதிகள் இருட்டில் கிடந்தது போல இன்னொரு முறை நடந்தால் வெறும் பலகை உதவாது. லிப்ட்டுக்கும் ஒரு மோட்டாருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் சிறிய பேட்டரி வேண்டும். எட்டாவது மாடியில் பிரசவ வலி எடுத்த பெண்ணைப் படியில் தூக்கிக்கொண்டு இறங்குவது என்ன என்று கேட்டால் அந்த பேட்டரியின் விலை அதிகமாகத் தெரியாது.

நம்மில் படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி, முடிச்சூரிலோ படப்பையிலோ சொந்தக் கூரை போட்டவர்களும் இருக்கிறோம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகை வையுங்கள், தயங்க வேண்டாம். வைத்த பிறகு தண்ணீர் மோட்டார், துணி துவைக்கிற மிஷின், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பகல் 11 முதல் 3 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையைப் பிற்பகலிலேயே கொஞ்சம் குளிர்வித்து, ஜன்னலில் திரை போட்டுவிட்டால் ராத்திரி ஏ.சி.யின் பாரம் குறையும். 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெந்நீர் வேண்டுமென்றால் ஹீட் பம்ப் கீஸர் என்று ஒன்று வந்திருக்கிறது. சாதாரண கீஸர் தின்கிற மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தின்னும். வெளிப்பெட்டியைச் சந்தில் மாட்டாதீர்கள், மாடிக்கு ஏற்றுங்கள். குடித்தனக்காரர் இருந்தால் அவருடைய யூனிட் விலையைக் குறையுங்கள். ஏறி வேலை செய்கிற மெக்கானிக் தம்பி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டானா என்று பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்றாவது மாடிச் சுவரில் ஒற்றைக் காலில் நிற்கிறவன் பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைதான்.

2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது; 2022இல் வசந்தகுமாரி முதல் மேயரானார். அது போராடி வந்த உரிமை. நாற்காலிக்கு ஒதுக்கீடு கேட்ட நாம் வெயிலுக்கும் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவை: வாரியக் குடியிருப்புகளின் கூரைகளில் அரசு செலவில் சோலார், அதன் வரவு ஒவ்வொரு வீட்டு மீட்டருக்கும் சமமாக. பட்டா இல்லாத குடியிருப்புகளுக்கு, பள்ளி, சமுதாயக்கூடம், மாநகராட்சிக் கட்டடம் இவற்றின் கூரையில் பங்கு. மானியம் வாங்குகிற வீட்டுக்காரர், குடித்தனக்காரரிடம் வாரியக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது என்ற நிபந்தனை. ஏ.சி. வெளிப்பெட்டி அடுத்தவர் ஜன்னலுக்கு நேராக இருக்கக்கூடாது என்று கட்டட விதி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கோரிக்கையை வெறும் கோஷமாகக் கொண்டுபோனால் அதிகாரி சிரிப்பான். கணக்காகக் கொண்டுபோனால் ஃபைல் திறக்க வேண்டியிருக்கும். நான் மேலே போட்டது ஒரு எழுத்தனின் காகிதக் கணக்கு. லீவு நாளில் நாலு பேர் பெரும்பாக்கத்துக்குப் போங்கள். அங்குள்ள பெண்களோடு சேர்ந்து ஒரு கட்டடத்தின் கூரையை டேப் பிடித்து அளந்து பாருங்கள். தொட்டி எங்கே இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, லிப்ட்டுக்கும் மோட்டாருக்கும் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு யூனிட் ஆகிறது, எத்தனை வீடு 100 யூனிட்டைத் தாண்டுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். லிப்ட் ஓடினால் லிப்டில் ஏறுங்கள். ஓடாவிட்டால் படியில் ஏறுங்கள். எத்தனை படி என்பதையும் எண்ணி எழுதுங்கள்.